மணிக்கட்டுக் கனம்

உக்காருங்க தம்பி, ஆளில்லீங்க. அந்தச் சேர்ல சாத்தி வெச்சிருக்கற குச்சிய மட்டும் எடுத்து அக்கட்டால வெச்சுருங்க. கீழ போட்டாலும் சரிதானுங்க. இல்லீங்க, என்றது இல்ல. அதாவது, எனக்குன்னுதான் வாங்கிருக்குது, ஆனா என்றது இல்லீங்க. நான் அதைத் தொடறதில்ல.

கைல எடுத்துப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. உங்களுக்கு முன்னால இங்க உக்காந்திருந்த அம்மிணியும் எடுத்துப் பாத்துட்டு, "இதென்னுங்கண்ணா, குச்சித் தலைல உருளைக்கெழங்கு வெச்சாப்பல இருக்குது"ன்னு கேட்டுட்டுப் போச்சு. பிடிதானுங்க அது. கை வலிக்காரங்களுக்குன்னு தனியாப் பண்ற பிடி. சாதாரணக் குச்சின்னா வெரல மடக்கி இறுக்கிப் புடிக்கோணும். இதுல உள்ளங்கைய அப்பிடியே மேல வெச்சாப் போதுமாம், பாரம் வெரலுக்குப் போகாம நேரா மொழங்கைக்குப் போயிருமாம். கட்டைவெரலுக்கு ஒரு பள்ளம், ஓரத்துல கை நழுவாம ஒரு கரை. சோத்தாங்கைக்கு ஒண்ணு, பீச்சாங்கைக்கு வேற ஒண்ணு, மாத்திப் புடிக்க முடியாது. தொடறதில்லீன்னாலும் வெவரமெல்லாம் தெரியுமுங்க எனக்கு.

உங்க ஊட்ல ஆராச்சும் ஆடறாங்களா? மகளா? செரி செரி, மொத வளையத்துல, சின்னப் புள்ளைக இருக்கற எடத்துலயா? நல்லா ஆடுதுங்க. என்ற ஊட்டுக்காரி ரெண்டாவது வளையம். மாம்பழக் கலர் சீலை. ஆமாங்க, எல்லாருமே மாம்பழக் கலர்தான், நானும் மொதல்ல தேடு தேடுன்னு தேடுனேன். ரெண்டு மணிக்கட்டுலயும் தோல் கலர்ல பட்டை போட்டுட்டு ஒருத்தி வர்றா பாருங்க, அவதான். துளசிமணின்னு பேரு. அந்தப் பட்டை மட்டும் இல்லீன்னா எனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது.

எப்ப முடியுமுங்க இது? வள்ளி கும்மின்னா சித்த நேரத்துல முடியற காரியமா. முருகன் வேடனா வரோணும், வேங்கை மரமா நிக்கோணும், கெழவனாகோணும், யானை வரோணும், அப்பறந்தான் கலியாணம். இப்பத்தான் வள்ளி பரண் மேல ஏறிக் கிளி ஓட்டீட்டு இருக்கறா. கலியாணம் முடியற வரைக்கும் நான் இந்தச் சேர்லயே கெடக்கோணும். முன்னால கயிறு கட்டிட்டாங்க. பின்னால பாத்தீங்கன்னா கோயில் மதில் வரைக்கும் சனம். நடுவுல நல்லா மாட்டிக்கிட்டேனுங்க.

எந்திரிச்சுப் போறதா? அதானுங்க சேதியே. கேளுங்க, சொல்றேன்.

என்ற பேரு பொங்கியண்ணன். மோட்டார் காயில் கட்டறவன். இப்ப இல்லீங்க, விட்டாச்சு. கெணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா பழைய கம்பிய உருவிப் போட்டுட்டுப் புதுச் செம்புக் கம்பி சுத்தோணும், ஒவ்வொரு சந்துலயும் கம்பியத் திணிச்சுத் திணிச்சு இறுக்கோணும். பொழப்புப் பூரா அதேதான். இப்ப என்ற வெரலப் பாருங்க. இந்த அளவுக்குத்தான் மடங்கும். இதுக்கு மேல மடங்காது, நேரா நீட்டவும் வராது. வெடியால எந்திரிச்சா இன்னும் மோசம், பல்லு வெளக்கற பிரஷ்கூடக் கைல நிக்காது. வாதம்ங்கறாங்க. காலு வேற சர்க்கரைல மரத்துப் போச்சு. செருப்புக் கழண்டாத் தெரியாதுங்க. கடைவீதி பூரா ஒத்தைச் செருப்போட நடந்துட்டு ஊட்டு வாசல்ல வந்துதான் பாப்பேன்.

மூணு வருசத்துக்கு முன்னால பஸ் ஸ்டேண்டுல வுழுந்துட்டேன். படி இருக்குதுன்னு கண்ணு சொல்லுச்சு, காலு கேக்கல. சனம் பூராப் பாக்கறாப்பல மல்லாக்க வுழுந்தேன். அதுகூடப் பாருங்க, துளசிமணி வெரசா முன்னால போனதாலதான் வுழுந்தது. பஸ் கெளம்பறதுக்குள்ள எடம் புடிக்கறேன்னு ஓடுனா. கூடவே வந்திருந்தா எனக்கு அந்தக் கதி வந்திருக்காது. அன்னைக்கே அதை அவகிட்ட சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்கற பழக்கம் எனக்கில்ல. அவ கையக் குடுத்துத் தூக்கி விட்டா. அன்னைக்குப் புடிச்சதுதானுங்க அவ மணிக்கட்ட.

குச்சி வாங்கிக் குடுத்துப் பாத்தாங்க. எங்க மேகலா, திருப்பூர்ல கட்டிக் குடுத்த மக, மருந்துக் கடைல விக்கற வளைஞ்ச குச்சி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. கைல நிக்கல. எப்பிடி நிக்குமுங்க, பிடி மெல்லிசு. அந்த அளவுக்கு வெரல் மடங்கோணுமே. மொதநாள் குச்சி மட்டும் நழுவி வுழுந்துது, மறுநாள் குச்சியோட நானும் வுழுந்தேன். துளசிமணி மணிக்கட்டு அப்பிடி இல்லீங்க. என்ற வெரல் எவ்வளவு மடங்குதோ அதுக்குன்னே அளந்து பண்ணுனாப்பல இருக்கும் அந்தச் சுத்துக் கனம். புடிச்சாப் புடிச்சதுதான். நழுவவே நழுவாது. ஒடம்புப் பாரத்தைப் பூரா அதுல போட்டுட்டுத் தைரியமா நடக்கலாம்.

அதுக்கப்பறம் அவளை நான் தனியா எங்கயும் விட்டதில்லீங்க. காய் வாங்கப் போனா நானும் போவேன். ரேசன் கடைக்கு, எழவு ஊட்டுக்கு, எல்லாத்துக்கும் நானும் கூடத்தான். அவ தங்கச்சி பேத்திக்குச் சீர் பண்ணுனாங்க. உள்ள பொம்பளைக கூடி உக்காந்து பேசற எடத்துல நானும் ஒரு சேரப் போட்டு உக்காந்திருந்தேன். பேச்ச நிறுத்திட்டு என்னையவே பாத்தாங்க எல்லாரும். நான் என்னுங்க பண்றது? அவ போற எடத்துக்குத்தான நான் போக முடியும்? கோயில்ல சாமி கும்புடறப்பக்கூட ஒத்தைக் கையாலதான் கும்புடுவா. இன்னொரு கை எங்கிட்ட இருக்குமில்லீங்களா.

சனங்க அதை எப்பிடிப் பேசுவாங்க தெரியுங்களா? "இந்த வயசுலயும் கை கோத்துட்டு வர்றாங்க பாரு"ம்பாங்க. ஒரு கலியாணத்துல போட்டோக்காரப் பையன் எங்களை நிறுத்தி வெச்சுத் தனியாப் படம் எடுத்தான். எனக்குப் பெருமையாத்தான் இருக்கும், சொல்றதுக்கென்ன. துளசிமணி அதுக்குச் சிரிப்பா. சிரிச்சான்னுதான் நெனைக்கறேன்.

போன ஐப்பசில மழை விட்டும் விடாமப் பேஞ்சுதில்லீங்க, அப்ப ஒரு நாளு தோசை மாவுக் குண்டாவக் கீழ போட்டுட்டா. மாவு அடுப்படி பூரா. கை வலிக்குது, எதையும் புடிக்க முடியலேன்னா. ஒடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், அதுல நான் கொறை வெக்கறதில்ல. டாக்டர் கட்டைவெரலுக்குக் கீழ அமுக்கிப் பாத்துட்டு, நரம்பு வீங்கிருக்குது, இந்தக் கையால என்னம்மா பாரம் தூக்கறீங்கன்னு கேட்டாரு. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். "பாரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். மிக்சி இருக்குது, கிரைண்டர் இருக்குது, துணி தொவைக்க மிசின் இருக்குது, தண்ணி கொழாய்ல வருது. ராணியாட்டம் வெச்சிருக்கறேன்." டாக்டர் என்ற கையப் பாத்தாரு. அப்பவும் நான் அவ மறுகையப் புடிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன், ஆதரவா. அப்பறம் அவ மொகத்தைப் பாத்தாரு. என்னமோ கேக்க வந்தவரு கேக்காம, பட்டை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு.

நான் ஒண்ணும் ஈவு எரக்கம் இல்லாதவன் கெடையாதுங்க தம்பி. வலிக்குதுன்னதும் அந்தக் கைய அன்னைக்கே விட்டுட்டேன். பக்கம் மாறி அவ பீச்சாங்கையப் புடிச்சுக்கிட்டேன். அதுக்கு நான் சோத்தாங்கையால புடிக்கோணும், அதுதான் எனக்கு ரொம்ப மொடங்குன கை. எவ்வளவு செரமம் பாருங்க. இருந்தாலும் போச்சாது, பரவால்லீன்னு பண்ணுனேன், கட்டுனவளுக்காக. தை மாசம் பொறந்தா, பீச்சாங்கையும் வலிக்குதுன்னுட்டா. வயசானா ஒவ்வொண்ணா வர்றதுதான, என்ன பண்ண முடியும். அப்பறம் ஒரு நாளைக்கு அந்தக் கை, ஒரு நாளைக்கு இந்தக் கைன்னு மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டோம். ரெண்டுக்கும் ஓய்வு கெடைக்குமில்லீங்களா.

இப்பிடி ஓடிட்டு இருந்தப்பத்தான் மாசி மாசத்துல இந்தக் கும்மி வந்துது. பக்கத்து வீதி ருக்குமணி வந்து, கோயில் திடல்ல பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, வள்ளி கும்மி சொல்லித் தர்றாங்க, சின்னது பெருசுன்னு ஊரே வருது, நீங்களும் வாங்கக்கான்னு கூப்புட்டுது. நான் சிரிச்சேன். அறுவது தாண்டியாச்சு, ரெண்டு கைலயும் பட்டை, இவளுக்கென்ன கும்மி? துளசிமணி சிரிக்கல. "வரேன் ருக்கு"ன்னா. என்னையக் கேக்கவே இல்லீங்க.

செரி, போகட்டும்னு நானும் போனேன். திடல் ஓரத்துல சேர் போட்டுக் குடுத்தாங்க. வாத்தியார் சின்ன வயசு, நல்ல கொரலு. நடுவுல நின்னு பாடுவாரு, இவங்க சுத்தி வந்து குனிஞ்சு நிமிந்து தட்டோணும். ரெண்டு பாட்டுக்கு ஒருக்கா எனக்கு எந்திரிக்கோணும்போல இருக்கும். ஒண்ணு தண்ணி, ஒண்ணு கொசு, ஒண்ணு ஒண்ணுக்குப் போறது. கூப்புடுவேன். அவ வளையத்தை விட்டுட்டு வருவா. அவ வந்துட்டா வளையத்துல ஒரு ஓட்டை வுழுகும், பின்னால வர்றவ அடி தப்புவா. வாத்தியார் மறுக்கா மொதல்லருந்து ஆரம்பிப்பாரு. ஒரு நாளு அவரே எங்கிட்ட வந்து, "ஐயா, நீங்களும் ஆடறீங்களா, ஆம்பளைங்களும் ஆடலாமுங்க"ன்னாரு. நக்கலான்னு தெரியலீங்க. நான் மொறைச்சேன்.

அன்னைக்கு ஊட்டுக்குப் போற வழில அவகிட்டச் சொன்னேன். கை வலிக்குதுங்கறவ பொழுதன்னைக்கும் கை தட்டலாமா, அப்ப வலி எங்க போச்சுன்னு கேட்டேன். நாயந்தானுங்களே? வேற ஒருத்தியா இருந்தா வாயடைச்சுப் போயிருப்பா. இவ நின்னா. நடுவீதில. நானும் நிக்க வேண்டியதாப் போச்சு. "பொழுதோட சித்த நேரம் எனக்கு ரெண்டு கையும் வேணுமுங்க"ன்னா. அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் புரியலீங்க. அவ கைய நானா வெட்டி எடுத்து வெச்சிருக்கறேன்? அது அவ கிட்டத்தான இருக்குது?

அப்பறம் அவ கை வைத்தியத்துக்குப் போற எடத்துல ஒரு பிசியோதெரபி பொண்ணு, யாழினின்னு பேரு. பந்தைக் குடுத்து அமுக்கச் சொல்லும், மெழுகுல கைய முக்கி எடுக்கும். அந்தப் பொண்ணுகிட்ட இவ கேக்கறா, "கண்ணு, இவருக்குக் குச்சி நிக்கமாட்டேங்குது, நிக்கறாப்பல ஒரு பிடி பண்ண முடியுமா?" யாருக்கு வைத்தியம்னு வந்துட்டு யாருக்குக் கேக்கறா பாருங்க. அந்தப் பொண்ணும் ஆசையா எந்திரிச்சு வந்து, பண்ணலாமுங்க ஐயா, கைய நீட்டுங்க அளவெடுத்துக்கறேன்னுது. நான் ரெண்டு கையையும் வேட்டி மடிப்புக்குள்ள வெச்சுக்கிட்டேன். எங்கப்பா சாகற அன்னைக்கு வரைக்கும் குச்சி புடிச்சதில்லீங்க. தோட்டத்துல மம்முட்டியப் புடிச்சாரே தவிர குச்சியப் புடிக்கல. நான் நீட்டமாட்டேன்னுட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

அதுக்கு என்ன பண்ணுனா தெரியுங்களா? மத்தியானம் நான் சோறு தின்னுட்டுத் தூங்கறப்ப, காலண்டர் தாளைக் கிழிச்சு என்ற கைக்கு அடில வெச்சு, பேனாவால வெரல் வெரலாச் சுத்தி வரைஞ்சு எடுத்துட்டா. எந்திரிச்சுப் பாத்தா வெரலோரம் பூரா நீல மை. பேப்பர் மைதான் ஒட்டிருச்சாட்டம்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டு இருந்தேன் நானு. பொறவுதான் தெரிஞ்சுது. பொணத்துக்குத்தானுங்க கேக்காம அளவெடுப்பாங்க. அதை அவகிட்டயே சொன்னேன். "பொணமா இருந்தா என்ற கையப் புடிக்காதுங்களே"ன்னுட்டு உள்ள போயிட்டா. அவ அப்பிடிப் பேசறவளே இல்லீங்க. கும்மிக்குப் போனதுலருந்துதான் இந்தப் பேச்சு.

பங்குனில இந்தக் குச்சி வந்துது. அந்தப் பொண்ணே ஊட்டுக்குக் கொண்டு வந்து குடுத்துது. குடுத்துட்டுச் சும்மா போகாம, "ஐயா, உள்ளங்கை அளவு உங்களுது, பிடியோட கனம் மட்டும் அம்மா அளவு"ன்னுது. அதென்ன கண்ணு அம்மா அளவுன்னு கேட்டேன். இவ ஒரு நூல எடுத்துத் தன்ற மணிக்கட்டைச் சுத்தி அளந்து குடுத்தாளாம். "இந்தக் கனம் இருந்தாத்தான் அவரு புடிப்பாரு, இதைவிட ஒரு நூல் எளைச்சாலும் புடிக்க மாட்டாரு"ன்னாளாம். அந்தப் பொண்ணு அதைச் சிரிச்சுட்டே சொல்லுது.

இல்லீங்க, தொடறதில்லீன்னு சொன்னது பொய்தான். ஒருக்காத் தொட்டேன். அவ மாடில துணி காயப்போடப் போயிருந்தா. கதவு மூலைல சாத்தி வெச்சிருந்துது. சும்மா எப்பிடித்தான் இருக்குதுன்னு பாக்கலாமேன்னு கையக் கொண்டு போனேன். வெரல் தானாப் போயி உக்காந்துக்கிச்சுங்க. கண்ண மூடிட்டுப் புடிச்சாலும் சொல்லிருவேன், அது அவ மணிக்கட்டுதான். அதே கனம், அதே சரிவு. சூடு மட்டும் இல்ல. அவ கைய வெட்டி எடுத்துக் கம்புல மாட்டி வெச்சாப்பல இருந்துது. வெடுக்குனு எடுத்துட்டேன்.

அவ எதுக்கு அதைப் பண்ணுனான்னு எனக்குத் தெரியாதுங்களா என்ன. குச்சியத் தந்துட்டுக் கையத் திருப்பி எடுத்துக்கறா. இதை நான் ஒருக்காப் புடிச்சுட்டேன்னா முடிஞ்சுது. இன்னைக்குக் கும்மிம்பா. நாளைக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வரேம்பா. இந்தக் கும்மிக்காரங்க ஊர் ஊராப் போயி ஆடறாங்களாம், வேன் புடிச்சு, அதுக்கும் ஏறிப் போயிருவா. நான் அந்தப் பிடியப் புடிச்சுட்டு ஊட்டுக்குள்ள இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நடக்கோணும். அவ இல்லாத ஊடு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி, இதுவரைக்கும் இருந்ததில்ல. பயமா இருக்குதுங்க. இதை நான் என்ற மககிட்டக்கூடச் சொன்னதில்ல. உங்களை மறுபடி பாக்கப் போறதில்லீன்னுதான் சொல்றேன்.

இன்னைக்கு அரங்கேற்றம். வரும்போது என்ற கைல மணிக்கட்டைக் குடுத்துட்டுத்தான் வந்தா, அவ மறுகைல குச்சியவும் தூக்கிட்டு. இந்தச் சேர்ல உக்கார வெச்சா. குச்சியப் பக்கத்துச் சேர்ல சாத்துனா. "எந்திரிக்கோணும்னா இதைப் புடிச்சு எந்திரிங்க. நான் இனிக் கலியாணம் முடிஞ்சுதான் வருவேன்"ன்னுட்டுப் போனா. திரும்பிப் பாக்கலீங்க. நானும் வீம்புக்காரன், தொடறதில்லீன்னு உக்காந்துட்டேன். அப்ப பொழுது இருந்துது, இப்ப லைட்டுப் போட்டுட்டாங்க.

அட, அதைச் சொல்லலியே. எனக்கு ஒண்ணுக்குப் போகோணுமுங்க. ஆமா, அப்பப் புடிச்சே. சர்க்கரைக்காரனுக்கு அடக்க முடியுங்களா? கோயிலுக்குப் பின்னால கட்டி விட்டிருக்காங்க, அந்த வேப்பமரத்துக்கு அக்கட்ட. ரெண்டு பாட்டுக்கு முன்னால அவளுக்குக் கையக் காட்டுனேன். வளையம் சுத்தி இந்தப் பக்கம் வர்றப்ப பாத்தா. கண்ணுக்குக் கண்ணு பாத்தாளுங்க, தப்பே இல்ல. பாத்துட்டுக் குனிஞ்சு ஒரு தட்டு, நிமிந்து ஒரு தட்டு, அப்பிடியே போயிட்டா. மறு சுத்து வர்றப்ப இந்தப் பக்கமே திரும்பல. நல்லாத்தான் ஆடறா, அதைச் சொல்லோணும். எனக்கு அழுகையே வந்துருச்சு. பெருமையான்னு கேக்காதீங்க, பெருமையெல்லாம் இல்ல.

இந்தா, கெழவன் வேசம் வந்துட்டான். முருகன் கெழவனா வந்து தள்ளாடித் தள்ளாடி வள்ளி கையப் புடிச்சா அது பாட்டு, ஊரே கை தட்டுது. நான் புடிச்சாக் குத்தம்.

குச்சிய எடுத்துத் தரட்டுங்களாவா? வேண்டாங்க. இவ்வளவு சொன்னதுக்கப்பறமுமா? வேண்டாம். நீங்க ஒரு ஒத்தாசை பண்ணுங்க, கையக் கொஞ்சம் குடுங்க. அந்த வேப்பமரம் வரைக்கும். யானை வர்றதுக்குள்ள திரும்பிரலாம், உங்க மக ஆடறதும் தப்பாது. இப்பிடி நில்லுங்க. உள்ளங்கை இல்லீங்க, அதை என்னால புடிக்க முடியாது. மணிக்கட்டு. கொஞ்சம் பெரிய மணிக்கட்டாத்தான் இருக்குது, பரவால்ல, புடிபடுது. ஆங். இப்ப ஒரு எக்கு எக்குவேன், நீங்க அசையாம நிக்கோணும், அவ அப்பிடித்தான் நிப்பா. எந்திரிச்சுட்டேன். பாத்தீங்களா, இவ்வளவுதான் காரியம். நடங்க. மெதுவா. கொஞ்சம் வழி விடுங்கம்மா. நான் சாஞ்சா நீங்க சாயக்கூடாதுங்க, கைய வெறைப்பா வெச்சுக்கோணும்.

ஏனுங்க, ஏன் நின்னுட்டீங்க?

ஏன் பல்லக் கடிக்கறீங்க? வலிக்குதுங்களா? நெசமாவா? இன்னும் வரிசையவே தாண்டலீங்களே. இருங்க, இருங்க, விட்டுடறேன். வெரல் சட்டுனு விடாதுங்க, பூட்டிக்கும். இழுக்காதீங்க, இழுத்தா இன்னும் இறுகும். சுண்டுவெரல்லருந்து ஒண்ணொண்ணா எடுத்து விடோணும், துளசிமணி அப்பிடித்தான் எடுப்பா. ம். அடுத்தது. ம். இந்தச் சேர் முதுகப் புடிச்சுக்கறேன், நான் வுழுகமாட்டேன், நீங்க கையப் பாருங்க.

செவந்து போச்சுங்களே. நாலு வெரலும் அப்பிடியே பதிஞ்சு கெடக்குது. ஆம்பளைக் கை உங்களுது. நாலு எட்டு வெச்சிருப்போமா தம்பி, நாலு எட்டுக்கு உங்களுக்குக் கண்ணுல தண்ணி வருது. மூணு வருசம் அவ பல்லக் கடிச்சு நான் பாத்ததே இல்லீங்க. ஒரு நாள்கூடப் பாத்ததில்ல.

அவ மொகத்தை நான் எங்கீங்க பாத்தேன். காலு மரத்தவன், தரையப் பாத்துட்டேதான நடந்தேன்.